பெற்றோர் வீட்டுக் கேமராப் பதிவுக்கருவி: வீட்டுக்குள் படம் வருகிறது, வெளியூரிலிருந்து வரவில்லை

புதுகைவாசி

வணக்கம். ஆலங்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அடுத்த தெருவில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள் என்றதும், அப்பாவே கேமரா வைத்துவிடலாம் என்றார். ஊரில் ஒரு கடைக்காரர் எட்டுச் சேனல் என்விஆர் (கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் கருவி), 4 மெகாபிக்சல் கேமரா நான்கு, 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் எல்லாம் பொருத்திக் கொடுத்திருக்கிறார். என்விஆரின் முதுகில் எட்டு பிஓஇ போர்ட்டுகள் (ஒரே கேபிளில் தரவும் மின்சாரமும் போகும் துளைகள்) இருக்கின்றன. கேமராக்கள் நேரே அவற்றில் செருகப்பட்டுள்ளன. அங்கிருந்து ஒரே ஒரு கேபிள் ரவுட்டருக்குப் போகிறது.

வீட்டு வைஃபையில் இருக்கும்போது அப்பாவின் செல்போனில் படம் தெளிவாக வருகிறது. எனக்கு இங்கே வருவதில்லை. கடைக்காரரைக் கேட்டால், "ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டேன், அதாவது வெளியிலிருந்து என்விஆருக்கு வர வழி விட்டிருக்கிறேன், இனி இணைய நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்" என்கிறார். அக்கா மகன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் என்விஆர் இருக்கிறது; கேமரா ஒன்றுகூட இல்லை. அதுவும் கோளாறா?

இன்னொன்று. கொல்லைக்கு அப்பால் தோப்பில் மோட்டார் அறை இருக்கிறது. வீட்டிலிருந்து ஏறக்குறைய 130 மீட்டர். அங்கும் ஒரு கேமரா வேண்டும் என்கிறார் அப்பா.

---

வலைப்பொறி

கேமராக்கள் ரவுட்டரில் தெரியாதது கோளாறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். பிஓஇ போர்ட்டுகள் உள்ள என்விஆருக்கு இரண்டு முகங்கள். ஒன்று ரவுட்டரைப் பார்த்தது. ரவுட்டர் கொடுக்கும் 192.168.1.50 போன்ற முகவரியில் இயங்கும். மற்றொன்று கேமராக்களைப் பார்த்தது. அங்கே என்விஆரே தனக்கென ஒரு சிறு வலையமைப்பை நடத்துகிறது. ஹிக்விஷன் நிறுவனக் கருவிகளில் அது வழக்கமாக 192.168.254 என்று தொடங்கும். டாவா கருவிகளில் 10.1.1 என்று தொடங்கும். கேமராக்களுக்கு அந்த வரிசையிலிருந்து முகவரி கிடைப்பதால் ரவுட்டருக்கு அவை இருப்பதே தெரியாது.

இதை மாற்றிவிடாதீர்கள். கேமராக்கள் இணையத்தோடு நேரடியாகப் பேச வழியில்லாமல் இருப்பது உங்களுக்கு நல்லது. ரவுட்டரின் உள்முகவரி வரிசையும் என்விஆரின் உள்வரிசையும் ஒன்றாகிவிடக் கூடாது, அதை மட்டும் கவனியுங்கள். ஒன்றாகிவிட்டால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று என்விஆருக்கே குழப்பம் வரும்.

ரவுட்டரின் டிஎச்சிபி பகுதியில் (கருவிகளுக்கு முகவரி வழங்கும் பகுதி) என்விஆருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்காவிட்டால், மின்தடைக்குப் பிறகு வேறு முகவரி வந்து, அப்பாவின் செல்போனிலும் படம் நின்றுபோக வாய்ப்பு உண்டு.

வெளியிலிருந்து வராததற்குக் காரணம் வேறு. ரவுட்டரின் முகப்புப் பக்கத்தில் 'வான் ஐபி' என்று, இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி ஒன்று இருக்கும். அது எந்த எண்களில் தொடங்குகிறது என்று சொல்லுங்கள்.

---

கேபிள்ராஜா

பல ஆண்டுகளாகக் கேமரா பொருத்தும் வேலை செய்கிறேன். வலைப்பொறி ஐயா சொன்னதோடு கேபிளையும் பார்த்துவிடுங்கள். வருகிற புகார்களில் பெரும்பாலானவை கேபிளில்தான் போய் முடிகின்றன.

கடையில் கேட்6 என்று கொடுப்பதில் பாதி செம்பு இல்லை, செம்பு பூசிய அலுமினியம். கம்பி முனையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பகலில் இதில் எல்லாம் சரியாக ஓடும். இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், இழுக்கும் மின்சாரம் கூடும், அலுமினியக் கம்பியில் வோல்டேஜ் இறங்கும், கேமரா அணைந்து அணைந்து எரியும். 'ராத்திரியானால் கேமரா போய்விடுகிறது' என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது கம்பியைத்தான். சாதாரண பிஓஇ போர்ட் 15.4 வாட் கொடுக்கும், கேமரா முனையில் 12.95 வாட் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. இது செம்புக் கம்பிக்குப் போட்ட கணக்கு.

முனையில் வண்ண வரிசையும் முக்கியம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக இருந்தால் போதும் என்று ஏதோ ஒரு வரிசையில் அடித்துவிடுகிறார்கள். நீளம் குறைவாக இருந்தால் ஓடும். நாற்பது, ஐம்பது மீட்டர் தாண்டினால் படம் விட்டு விட்டு வரும். பச்சை ஜோடி நீல ஜோடியின் இருபுறமும் பிரிந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைக் கலைக்கக் கூடாது.

மோட்டார் அறை 130 மீட்டர் என்றால் 100 மீட்டர் வரம்பைத் தாண்டிவிட்டது. சில என்விஆர்களில் நீண்ட தூரப் பயன்முறை இருக்கிறது. வேகத்தை 10 மெகாபிட்டாகக் குறைத்து 250 மீட்டர் வரை தள்ளும். ஒரு கேமராவுக்கு அது போதும்.

---

தோப்புக்காரர்

கேபிள்ராஜா சொல்வதை ஒரு விஷயத்தில் மட்டும் மறுக்கிறேன். தோப்புக்குச் செம்புக் கேபிள் வேண்டாம். நீண்ட தூரப் பயன்முறையில் படம் வரும், நான் மறுக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் என்ன ஆகும்? மின்னல் கேபிளில் நேராக விழ வேண்டியதில்லை, பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே போதும். தோப்பு மண்ணுக்கும் வீட்டு எர்த்துக்கும் இடையில் அந்த நொடியில் எழும் வேறுபாடு அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்குள் வரும். கேமரா போகும், என்விஆர் போகும், அதோடு இணைந்த ரவுட்டரும் போகும். எங்கள் ஊரில் பம்பு செட்டுக்குக் கேபிள் இழுத்த வீடுகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி இழைக் கேபிள் போடுங்கள். உலோகம் இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். அதில் மின்சாரம் பாயாது, தூரமும் ஒரு பொருட்டில்லை.

---

புதுகைவாசி

எல்லோருக்கும் நன்றி. அக்கா மகன் மறுபடியும் போய்ப் பார்த்தான். வான் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. கேபிளைச் சுரண்டியும் பார்த்தான். மூன்று செம்பு, வாசல் கேமராவுக்குப் போவது மட்டும் வெள்ளை. வாசல் கேமராதான் இரவில் அணைகிறது என்று அம்மா முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்.

---

வலைப்பொறி

100.72 என்றால் விடை கிடைத்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகளை இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்துவதற்கென்றே 2012இல் ஒதுக்கினார்கள். உலகில் ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துபோனதால், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியை நிறுவனம் பங்கிட்டுக் கொடுக்கிறது. சிஜிநாட் என்பது அதற்குப் பெயர். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும், அதற்கு மேலே நிறுவனத்தின் கருவி ஒன்று மூடி நிற்கிறது. கடைக்காரர் திறந்த கதவு தெருவுக்குத் திறக்கவில்லை. பூட்டிய வளாகத்துக்குள் திறந்திருக்கிறது.

அது உங்கள் நல்ல நேரம் என்றே சொல்வேன். காசு கட்டி நிலையான பொது முகவரி வாங்கச் சொல்வார்கள். அதை வாங்கி அதில் போர்ட் திறக்காதீர்கள். மன்றாடிக் கேட்கிறேன்.

2016இல் மிராய் என்ற தீநிரல் என்ன செய்தது என்று நினைவுபடுத்துகிறேன். இணையத்தை நோக்கித் திறந்திருந்த கேமராக்களையும் பதிவுக்கருவிகளையும் ரவுட்டர்களையும் தேடித் தேடி, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் சுமார் அறுபதை மாற்றி மாற்றிப் போட்டு உள்ளே நுழைந்தது. அவ்வளவுதான் அதன் வித்தை. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடிபட்ட கருவிகள் எல்லாம் சேர்ந்து தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. தாக்கியது எவர் வீட்டு வாசல் கேமராவோ, அந்த வீட்டுக்காரருக்கு அது தெரிந்திருக்கவே வழியில்லை.

கடவுச்சொல்லை மாற்றினால் போதாதா என்பீர்கள். 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கருவிகளில் வெளியான ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. இணையப் பக்கத்துக்கு ஒரு கட்டளையை அனுப்பினாலே கருவி முழுவதும் கைக்கு வந்துவிடும். தீவிர அளவுகோலில் 10க்கு 9.8. நிறுவனம் புதிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் இயங்கும் மென்பொருள்) வெளியிட்டது. சுவரில் மாட்டிய கேமராவுக்கு நம் ஊரில் யார் ஃபர்ம்வேர் ஏற்றுகிறார்கள்?

ஆகவே முதல் வேலை: கடைக்காரர் திறந்த போர்ட்டை மூடுங்கள். இரண்டாவது: ரவுட்டரிலும் என்விஆரிலும் யுபிஎன்பி என்று ஒன்று இருக்கும், இரண்டிலும் நிறுத்துங்கள். கேட்காமலே போர்ட் திறப்பது அதுதான். மூன்றாவது: ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி. சிஜிநாட் அதற்கு இல்லை. என்விஆருக்குப் பொது ஐபிவி6 முகவரி கிடைத்து, ரவுட்டரின் தடுப்புச்சுவரும் அணைந்திருந்தால், மூடிவிட்டதாக நாம் நினைக்கும் கருவி உலகத்துக்கே திறந்து கிடக்கும். என்விஆரில் ஐபிவி6ஐ அணைத்துவிடுங்கள்.

---

கேபிள்ராஜா

ஐயா சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் எங்கள் நிலையையும் பாருங்கள். வாடிக்கையாளர் கேட்பது ஒன்றுதான்: "செல்போனில் வர வேண்டும்." அதற்குத்தான் தயாரிப்பாளரே கியூஆர் குறியீடு கொடுத்திருக்கிறார். செயலியில் அதைப் பிடித்தால், கருவி தயாரிப்பாளரின் சர்வர் வழியாகச் சேர்ந்துகொள்கிறது. போர்ட் திறக்க வேண்டாம், சிஜிநாட்டும் தடையில்லை. போர்ட் திறக்காமல் பார்க்க இன்னொரு வழி விபிஎன், அதாவது வீட்டு வலையமைப்புக்குள் மறையாக்கத்தோடு நுழையும் தனிவழி. எழுபது வயது அப்பாவிடம் விபிஎன் போடுங்கள், பிறகு செயலியைத் திறங்கள் என்றால் அவர் பார்க்கவே மாட்டார். பார்க்காத கேமராவால் என்ன பயன்?

---

வலைப்பொறி

நியாயமான கேள்வி. கியூஆர் வழி, போர்ட் திறப்பதைவிட நிச்சயம் மேல். ஆனால் வீட்டுப் படத்துக்கு இன்னொருவரின் சர்வரை வாசற்காவலாக வைக்கிறோம். அந்தக் கணக்கின் கடவுச்சொல் போனால் வீடே போனது. அதை ஏற்பவர்கள் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு ஏற்கட்டும்.

இவர் வீட்டில் அப்பாவுக்கு விபிஎன் தேவையே இல்லை. அவர் வீட்டுக்குள்தான் பார்க்கிறார், அங்கே என்விஆரின் உள்முகவரி போதும். விபிஎன் வேண்டியது சிங்கப்பூரில் இருப்பவருக்கு மட்டும். ரவுட்டர் பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, அல்லது ஓரமாகக் கிடக்கும் பழைய மடிக்கணினி வையுங்கள். அதில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளை நிறுவி, வீட்டு உள்வலையமைப்பு முழுவதற்கும் வழிகாட்டியாக அமைத்துவிடுங்கள். உங்கள் செல்போனிலும் அதே டெயில்ஸ்கேல். இரண்டும் உள்ளிருந்து வெளியே புறப்பட்டுச் சந்தித்துக்கொள்வதால் சிஜிநாட் தடையாகாது. படம் வயர்கார்ட் மறையாக்கத்துக்குள் வரும். பிறகு சிங்கப்பூரில் உட்கார்ந்து 192.168.1.50 என்று கேமராச் செயலியில் போட்டால், ஆலங்குடி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதைப்போலவே திறக்கும்.

நேரடிப் படத்துக்குத் துணை ஸ்ட்ரீமை (அதே படத்தின் குறைந்த தர வடிவம்) தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து வெளியேறும் இணைப்பில் நான்கு முழுப் படங்களையும் இழுக்க வேண்டாம். பதிவு முழுத் தரத்திலேயே டிஸ்க்கில் இருக்கும்.

---

மலர்விழி

இணைப்பைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. கேமரா எங்கே பார்க்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. தம்பி, நான்கில் ஏதாவது வீட்டுக்குள் இருக்கிறதா? கூடத்திலோ அடுக்களை வாசலிலோ இருந்தால் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அப்பா சரி என்றதால் அம்மாவும் சரி என்று ஆகிவிடாது. குளித்துவிட்டு ஈரத் துணியோடு கூடத்தைக் கடக்கும்போது மகனும் மருமகளும் எங்கோ இருந்து பார்க்கக்கூடும் என்ற நினைப்பிலேயே அவர் நாள் முழுவதும் இருக்க வேண்டுமா? என் மாமியார் வீட்டில் அவர் கேமராமேல் துண்டைப் போட்டு மூடியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது எங்கள் வீட்டில் கேமராக்கள் வெளியே மட்டும்தான்.

பக்கத்து வீட்டு ஜன்னலும் கொல்லைக் கிணற்றடியும் படத்தில் விழுந்தால், என்விஆரில் மறைப்புக் கட்டம் போடும் வசதி இருக்கிறது. அந்தப் பகுதி பதிவிலேயே கறுப்பாகிவிடும். ஒலிப்பதிவையும் நிறுத்திவிடுங்கள். திண்ணையில் பேசுகிறவர்கள் பேச்சு டிஸ்க்கில் ஏற வேண்டிய அவசியம் இல்லை.

---

புதுகைவாசி

அக்கா, கூடத்தில் ஒன்று இருக்கிறது. நீங்கள் சொன்ன பிறகு அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எடுத்துவிட்டால் நல்லது" என்றார். அதைத்தான் மோட்டார் அறைக்கு அனுப்பப் போகிறேன்.

---

கருங்கோட்டு

வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பதிவின் நேரம் சரியாக இருக்கிறதா? திருட்டு நடந்தது இரண்டரை மணிக்கு, படத்தில் ஐந்து மணி என்று இருந்தால், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சிங்கப்பூரிலிருந்து என்விஆரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து 'கணினி நேரத்தோடு பொருத்து' என்பதை அழுத்தினால், சிங்கப்பூர் நேரம் ஏறி இரண்டரை மணி நேரம் முன்னால் போய்விடும். அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். நேர மண்டலம் +5:30, கோடைக்கால நேர மாற்றம் அணைந்த நிலை, இணையத்திலிருந்து என்டிபி மூலம் தானாக நேரம் பெறும் அமைப்பு. மூன்றையும் சரிபாருங்கள். கேமராக்கள் என்விஆரிடமிருந்து நேரம் பெற்றுக்கொள்ளும்.

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில் இப்போது 63ஆம் பிரிவு. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் கூடவே சான்றிதழ் வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பை (கோப்பில் எதை மாற்றினாலும் மாறிவிடும் கணக்கு எண்) அதில் குறிப்பிட வேண்டும். எனவே எதுவும் நடந்தால் திரையைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிற்காதீர்கள். என்விஆரிலிருந்து மூலக் கோப்பையே பென் டிரைவில் எடுத்து, ஹேஷ் மதிப்பை அன்றே எழுதி வையுங்கள். டிஸ்க் நிறைந்ததும் பழையது தானாக அழியும். தாமதித்தால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது.

---

புதுகைவாசி

எத்தனை நாள் பதிவு நிற்கும் ஐயா? கடைக்காரர் ஒரு மாதம் என்றார்.

---

கேபிள்ராஜா

ஒவ்வொரு கேமராவும் நொடிக்கு 4 மெகாபிட் என்றால், நொடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள், ஆக 43.2 ஜிகாபைட். நான்கு கேமராவுக்கு 172.8. 2 டெராபைட்டை அதால் வகுத்தால் பதினொன்றரை நாள். ஒரு மாதம் வராது. படச் சுருக்க முறையை எச்.264இலிருந்து எச்.265க்கு மாற்றி, கேமராவுக்கு 2 மெகாபிட்டாகக் குறைத்தால் இருபத்து மூன்று நாள் வரும். படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பெரிய டிஸ்க்தான். கணினியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க் வேண்டாம். இரவு பகல் ஓயாமல் எழுதுவதற்கென்றே பர்ப்பிள், ஸ்கைஹாக் என்று தனி வகைகள் விற்கிறார்கள்.

இன்வெர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் பயன்முறையில் வையுங்கள். சாதாரணப் பயன்முறையில் மின்சாரம் மாறும் அந்தக் கணத்தில் என்விஆர் அணைந்து மீண்டும் தொடங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி இப்படி ஆனால் டிஸ்க்கின் ஆயுள் குறையும். ரவுட்டரும் இணைய நிறுவனத்தின் பெட்டியும் அதே இன்வெர்ட்டரில்தான் இருக்க வேண்டும்.

கேமராவின் உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினால் உச்சந்தலைதான் தெரியும். ஐரோப்பியத் தரவிதிப்படி ஒரு முகத்தை அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். 4 மெகாபிக்சல் படத்தின் அகலம் 2560 பிக்சல். அப்படியானால் பத்து மீட்டர் அகலக் காட்சிவரைதான் முகம் தேறும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸில் அது நாலேகால் மீட்டர் தூரம். வாசல் கேமராவை நிலைப்படிக்கு மேல் எட்டடி, ஒன்பதடியில் இறக்குங்கள். அந்த வெள்ளைக் கம்பியையும் அப்போதே மாற்றிவிடலாம்.

---

தோப்புக்காரர்

தோப்புக் கேமராவில் இரவு முழுவதும் எச்சரிக்கை அடிக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடியின் குறுக்கே ஓர் இழை கட்டினால் போதும். இரவில் அது வெள்ளைக் கயிறு மாதிரி ஒளிர்ந்து காற்றில் ஆடும், கேமரா அதை ஆள் நடமாட்டம் என்று எடுத்துக்கொள்ளும். சாதாரண அசைவு எச்சரிக்கையை அணைத்துவிட்டு, மனிதர், வாகனம் என்று பிரித்தறியும் வசதி இருந்தால் அதை மட்டும் வையுங்கள். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் மெல்லத் தட்டிவிட்டால் படமும் தெளிவாக இருக்கும். முடிந்தால் அகச்சிவப்பு விளக்கைக் கேமராவிலிருந்து சில அடி தள்ளித் தனியாக மாட்டுங்கள், பூச்சி அங்கே போய்விடும்.

---

புதுகைவாசி

போர்ட் மூடியாகிவிட்டது, யுபிஎன்பியும் ஐபிவி6உம் அணைத்தாகிவிட்டது. பழைய மடிக்கணினியில் டெயில்ஸ்கேல் ஏற்றியதும் சிங்கப்பூரில் படம் வந்துவிட்டது. அப்பா கிணற்றடியில் பல் துலக்குவதைப் பார்த்தேன். உடனே அங்கே மறைப்புக் கட்டமும் போட்டுவிட்டேன். மோட்டார் அறைக் கண்ணாடி இழைக்கு என்னென்ன வாங்கச் சொல்ல வேண்டும்?

---

கேபிள்ராஜா

தோப்புக்காரர் அண்ணன் சொன்னது சரி, இழையே போடுவோம். ஒற்றை முறை (சிங்கிள் மோட்) இழை, இரு முனையும் தொழிற்சாலையிலேயே முடித்து வருவதாக 150 மீட்டர். மீடியா கன்வர்ட்டர் (கண்ணாடி இழையையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) ஒரு ஜோடி. ஒற்றை இழையில் ஓடுவது என்றால் ஒன்று ஏ, மற்றது பி என்று இருக்க வேண்டும். இரண்டும் ஏ வாங்கிவந்துவிட்டால் விளக்கே எரியாது. வீட்டுப் பக்கக் கன்வர்ட்டரை என்விஆரின் பிஓஇ போர்ட்டிலேயே செருகலாம். கன்வர்ட்டருக்கு அதன் சொந்த அடாப்டர். கேமராவுக்கு மோட்டார் அறையில், கேபிளில் மின்சாரம் ஏற்றும் பிஓஇ இன்ஜெக்டர் ஒன்று. இழையைக் குழாயில் போட்டு மண்வெட்டி படாத ஆழத்தில் புதையுங்கள், வளைவில் கூர்மையாக மடிக்காதீர்கள்.

மோட்டார் கிளம்பும்போது அந்த அறையில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். பொருத்தி முடித்ததும் அப்பாவை மோட்டாரைப் போட்டு அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் படம் அறுந்தால் இன்ஜெக்டருக்கும் கன்வர்ட்டருக்கும் சேர்த்து ஒரு சிறிய யுபிஎஸ் அங்கேயே வைக்க வேண்டியிருக்கும்.